குதிரைமசால் முளைக்காத இரண்டு வருடங்கள்

அக்கா,

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி இரண்டு கிழமை விடுமுறையில் போயிருக்கிறாள். அவளுடைய முயலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் தலையில் வந்திருக்கிறது. கூட்டையும் தண்ணீர்ப் போத்தலையும் வேலிக்கு மேலால் எட்டித் தந்தவள், கடைசியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பையையும் தூக்கித் தந்தாள். காலையில் ஒரு பிடி, பின்னேரம் ஒரு பிடி போட்டால் போதும் என்றாள். அவள் கார் போனதும் குசினிக்குள் வந்து பையின் வாயை அவிழ்த்தேன்.

காய்ந்த குதிரைமசால்.

புதுத் தேயிலைப் பெட்டியைத் திறந்ததுபோல, அதற்குள் யாரோ கொஞ்சம் தேனைத் தடவி வைத்ததுபோல ஒரு வாசம். பத்து வருடத்துக்கு மேலாக அந்த வாசம் என் மூக்கில் படவில்லை. லண்டன் மோர்டனில், இந்தச் சின்ன வீட்டின் குசினியில், கையில் ஒரு பிடி காய்ந்த தீவனத்தோடு கனநேரம் நின்றேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மகள் படிக்கப் போன ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி எடுப்பாள். இந்த வாசம் என்னவென்று தெரிந்த ஒருவருக்கு உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்படி நீங்கள் ஒருவர்தான் எனக்கு இருந்தீர்கள். குதிரைமசால் என்ற சொல்லே நீங்கள் தந்ததுதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அந்தப் பயிரைக் கண்டதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறும் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதிய ஒரு கடிதம் காலம் பிந்திவிட்டது. இது அதைவிடப் பிந்தியது. ஆனாலும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் இந்த நகரத்துக்கு வந்தபோது என்னிடம் இருந்தது, கல்லூரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் தராசு துடைத்த அனுபவம் மட்டுமே. அதை வைத்துத்தான் அந்த ஆய்வு அலுவலகத்தின் நிலக்கீழ் அறையில் எனக்கு வேலை கிடைத்தது. மேலே நான்கு மாடிகளில் வறண்ட நாடுகளின் மேய்ச்சல் நிலங்களைப் பற்றிப் படித்தவர்கள் இருந்தார்கள். கீழே நானும், ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலேயரும், இரண்டு உலர்த்தும் அடுப்புகளும். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

வேலை சிக்கலானதல்ல. செங்கடலுக்கு அப்பால் ஒரு பாலைவன நாட்டில் நிலத்தைக் கட்டம் கட்டமாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை அந்தக் கட்டங்களில் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் ஆடும் ஒட்டகமும் தின்னக்கூடிய எல்லாவற்றையும் கத்தரித்து, எண் போட்ட கடதாசிப் பைகளில் போட்டு, பல பெட்டிகளாக லண்டனுக்கு அனுப்புவார்கள். அதை அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்கிற வரைக்கும் உலர்த்தி, நிறுத்து, பதிவேட்டில் எழுத வேண்டியது நான். அந்த எடைதான் அந்த நிலம் அந்த வருடம் கால்நடைக்கு எவ்வளவு கொடுத்தது என்று சொல்லும்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் ஒரு பெட்டி வந்தது. பைகளின் மேல் எண்ணும் செடியின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. அடியில் சின்னதாக வேறு எழுத்து. "அது அரபு, அதை விடு," என்றார் கிழவர். நான் பையை விளக்குக்குக் கிட்டப் பிடித்தேன். 'கொழுக்கட்டைப்புல். எங்க ஊர்லயும் இதேதான்' என்று இருந்தது.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்பதை உங்களுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வெம்பிளியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஷிப்ட் முடிந்து ஒருவன் வர, அவனுடைய கட்டிலிலிருந்து இன்னொருவன் எழும்பிப் போவான். ஒருவரோடு ஒருவர் பேச நேரம் இருப்பதில்லை. மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில். கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வேலையிடத்தில் ஒரு நாளைக்கு நான் பேசும் சொற்களைக் கைவிரலில் எண்ணலாம். அப்படி இருந்த எனக்கு, எங்கோ பாலைவனத்திலிருந்து ஒரு புல்லுப் பை தமிழில் பேசியது.

வெறும் பைகளைத் திருப்பி அனுப்பும் பெட்டியில் ஒரு துண்டு எழுதி வைத்தேன். 'இதை வாசிக்க இங்கே ஒருவன் இருக்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் வந்த முப்பத்தோராம் பையில் ஒரு வண்டு இருந்தது. எடையில் அதைச் சேர்க்கவில்லை.' அடுத்த பெட்டியில் உங்கள் பதில் வந்தது. 'வாரத்தைக் கிழமைன்னு எழுதியிருக்கீக, அப்ப யாழ்ப்பாணம். வண்டுக்கு என் வருத்தத்தைச் சொல்லவும்.'

ஒன்றரை வருடம் இப்படியே போனது. பை வரும், துண்டு வரும், துண்டு போகும். நீங்கள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு மார்கழி நாள், செருப்புக்குள் இரண்டு சோடி காலுறை போட்ட ஒரு கறுத்த, மெலிந்த பெண் படியில் இறங்கி வந்து சத்தமாகக் கேட்டாள்.

"யாருங்க இங்க வண்டுக்கு எடை பாக்காத ஆளு?"

நான் எழும்பி நின்றேன். "நான்தான், மிஸ்."

"மிஸ்ஸாவது டாக்டராவது. அக்கான்னு கூப்பிடுங்க அண்ணாச்சி."

என்னைவிட ஆறு வயது மூத்த நீங்கள் என்னை அண்ணாச்சி என்றும், நான் உங்களை அக்கா என்றும் கூப்பிட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சாத்தூர்ப் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான் என்றீர்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள். கட்டடத்திலேயே உங்களுக்குப் போதுமான சூடுள்ள இடம் அதுதான் என்று காரணம் சொன்னீர்கள். என் சோற்றுப் பெட்டியில் பாதி உங்களுக்கு, உங்கள் புளிச்சோற்றில் பாதி எனக்கு. லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பிளாக்ஹீத் வெளிக்கு நடந்தீர்கள். எங்கு பார்த்தாலும் பச்சை. நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று முழந்தாளிட்டு, புல்லை விரலால் விலக்கி வேரைப் பார்த்தீர்கள். நாயோடு போன ஒருவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்.

"இம்புட்டுப் புல்லு கெடக்கு. திங்க ஒரு ஆடு இல்ல," என்றீர்கள்.

"இஞ்ச ஆடு வந்தா கவுன்சில் பைன் போடும் அக்கா."

சிரித்தீர்கள். பிறகு எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு வேறு ஒன்று சொன்னீர்கள். "பாலைவனத்துல தனியா கெடக்கேனேன்னு எல்லாரும் பாவப்படுதாங்க. அங்க ரெண்டு நாளைக்கு ஒருக்க யாராச்சும் ஒட்டகத்தோட வந்து, ஒக்காந்து, பேசிட்டுத்தான் போவாங்க. இங்கதான் அண்ணாச்சி, நாலு மாசமாச்சு, கீழ் வீட்டுல இருக்கவங்க பேரு தெரியல எனக்கு."

இந்த நகரத்தில் அந்தத் தனிமை இருப்பது எனக்கு மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தது ஒரு ஆறுதலாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

பாத்திமாவைப் பற்றி நீங்கள் சொன்னதும் அந்த அடுப்புகளுக்குப் பக்கத்தில் இருந்துதான். உங்கள் கட்டங்கள் இருந்த இடத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண். எந்தச் செடியை ஆடு முதலில் கடிக்கும், எதைப் பசி வந்தால் மட்டும் தொடும் என்று உங்களுக்குக் காட்டித் தந்தவள். அவள் காட்டிய செடிகளில் ஒரு உப்புப் புதர் உண்டு. அதன் பையைத் திறந்தால் சாம்பல் பூசிய குச்சிகள்போல இருக்கும். நான் அதைக் குப்பை என்றேன்.

"குப்பையா? மழை ரெண்டு வருசம் சேந்தாப்ல ஏமாத்தினாலும் ஆட்டுக்கு ஒரு வாய் இதுலதான் இருக்கும். இது செத்தா பாத்திமா வீடு செத்துச்சு," என்றீர்கள். அவ்வளவு கோபமாக நீங்கள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தப் புதர்க்காட்டைத்தான் உழுதார்கள். மழைநீர் வந்து தங்கும் தாழ்ந்த நிலமெல்லாம் அதுதான். புதரைப் பிடுங்கி உழுது, கிணறு தோண்டி, குதிரைமசாலும் தீவனச் சோளமும் விதைத்தால் பல மடங்கு தீவனம் கிடைக்கும் என்பது மேலே இருந்தவர்களின் திட்டம். முதலில் சிறிய பரப்பில் செய்து பார்ப்பது, அளவு நன்றாக வந்தால் எல்லாத் தாழ்நிலத்தையும் உழுவது. அளக்கும் வேலை உங்களுடையது. நிறுக்கும் வேலை என்னுடையது.

முதல் வருடம் மழை பெய்தது. அந்த வருடப் பெட்டிகளை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினோம். அடுப்பைத் திறந்தால் கட்டடம் முழுக்கக் குதிரைமசால் மணத்தது. மேலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். கிழவர்கூட ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லாரும் சந்தோஷமாக இருந்த அந்த நாளில் நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"ஏன் அக்கா, நல்லாத்தானே வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்ச வருசத்தை எல்லாரும் எழுதுவாங்க அண்ணாச்சி. பெய்யாத வருசத்தை எழுதத்தான் நம்மளை வச்சிருக்கு."

நீங்கள் திரும்பிப் போனீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அங்கே மழை இல்லை.

முதலில் கிணறுகள் வற்றின என்று துண்டில் எழுதினீர்கள். பிறகு வந்த பெட்டியை நான் ஒரு கையால் தூக்கினேன். புதர் விட்டுவைத்த கட்டங்களிலிருந்து வந்த பைகளில் அந்தச் சாம்பல் குச்சிகள் இருந்தன. குறைவுதான், ஆனால் இருந்தன. உழுது விதைத்த கட்டங்களின் பைகள் நாலாக மடித்து, நூல் கட்டி, எண் போட்டு இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பையிலும் உங்கள் கையெழுத்து. 'வெறும் பை. தொலைஞ்சு போகல. சைபர்னு எழுதுங்க.' கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்த நாலைந்து கட்டங்களில் மட்டும் கொஞ்சம் பச்சை கிடைத்திருந்தது.

எழுதினேன் அக்கா. நீங்கள் சொன்னபடியே எழுதினேன். இரண்டாவது வருடமும் அப்படித்தான். பதிவேட்டில் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும் சைபர். வெறும் பைகளை ஒரு பெட்டியில் அடுக்கி அலமாரியின் மேல் வைத்தேன்.

இனிச் சொல்வது நீங்கள் ஊகித்தது. என் வாயால் சொல்லாதது.

அறிக்கை எழுதும் காலத்தில் பிரிவுத் தலைவர் என்னை மேலே கூப்பிட்டார். எனக்கு வேலை தந்தவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. தேநீர் தந்தார். பதிவேட்டைத் திறந்து, சைபர்கள் மேல் பென்சிலை வைத்தார். வெறும் பையை ஒரு ஆய்வு மாதிரி என்று எப்படிச் சொல்வது, மாதிரி வந்து சேரவில்லை என்றுதானே சொல்ல வேண்டும் என்று கேட்டார். வந்து சேராததற்குச் சைபர் போடக்கூடாது, ஒரு கோடு போட்டால் போதும் என்றார். பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, என் மனைவி பிள்ளையின் விஸா அலுவல் எந்த அளவில் இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். அந்த விஸாவுக்குத் தேவையான, என் வேலை நிரந்தரம் என்று அவர் தரவேண்டிய கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகிவிடும் என்றார்.

யாரும் என்னை மிரட்டவில்லை. ஒன்றுக்கு மற்றொன்று என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் இரண்டையும் சேர்த்துக் காதில் வாங்கிக்கொண்டேன்.

சைபருக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. சைபர் என்றால் விதைத்தும் ஒன்றும் விளையவில்லை. கோடு என்றால் அந்தக் கட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதை விட்டுவிட்டுச் சராசரி பார். பார்த்தால் கிணற்றடியின் நாலைந்து கட்டங்கள் மட்டும் மிஞ்சும். வறட்சியிலும் குதிரைமசால் நன்றாக விளைந்தது என்று வரும். அப்படித்தான் வந்தது.

இரண்டு நாள் இருந்து அந்தப் பக்கங்களைப் புதிதாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல நேராகத்தான் இருந்தது. வெறும் பைகளைக் குப்பைச் சாக்கில் போட்டேன். போடும்போது உங்கள் எழுத்து கண்ணில் படாமல் கவிழ்த்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.

நீங்கள் லண்டன் வந்தபோது அறிக்கை அச்சாகிவிட்டது. நேரே கீழே வந்தீர்கள். கையில் அது இருந்தது. கிழவர் அந்த வருடம் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

"வெறும் பைக எங்க அண்ணாச்சி?"

"வரேல்ல அக்கா."

"ஒண்ணுகூடவா வரல?"

"இல்லை."

"என் கையால மடிச்சு, நூல் கட்டி வச்சேனே. ரெண்டு வருசமும்."

நான் தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நீங்கள் கேட்டது வேறொன்று.

"வீட்டுல எப்ப வாராங்க?"

"கார்த்திகையில."

"நல்லது," என்றீர்கள். "நல்லது அண்ணாச்சி."

அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டீர்கள். என்னைத் திட்டியிருந்தால் நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இதுவும் உங்கள் மேல் பழி போடும் ஒரு வழிதான் என்று பிறகு விளங்கியது.

மேலே நீங்கள் சண்டை பிடித்ததைக் கேள்விப்பட்டேன். உங்கள் வயற்குறிப்புப் புத்தகத்தைக் காட்டினீர்களாம். ஆய்வுகூடப் பதிவேடும் வயற்குறிப்பும் முரண்பட்டால் ஆய்வுகூடப் பதிவேட்டைத்தான் எடுப்பது வழக்கம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் எழுதிய பக்கங்கள் உங்களுடைய பத்து வருட நடையை வென்றுவிட்டன. உங்கள் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மீதித் தாழ்நிலங்களையும் உழுவதற்கு அனுமதி வந்தது.

ஐப்பசியின் கடைசியில் ஒரு காலை, என் மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் குளிர்ச்சட்டை. மடிப்புக்குள் ஒரு துண்டு. 'பாப்பாவுக்கு. லண்டன் குளிரு அதுக்குத் தெரியாதுல்ல.' லூயிஷாம் அறைக்கு ஓடினேன். கீழ் வீட்டுக்காரி கதவைத் திறந்து, நீங்கள் முதல் நாளே காலி செய்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். உங்கள் பெயர் என்னவென்று அவள் என்னிடம் கேட்டாள்.

விமான நிலையத்தில் மகள் என்னை அடையாளம் காணவில்லை. தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அந்தச் சட்டையைப் போட்டுவிட்ட பிறகுதான் கிட்ட வந்தாள். "ஆர் வாங்கித் தந்தது?" என்று மனைவி கேட்டாள். "வேலையிடத்தில ஒரு அக்கா," என்றேன். "நல்ல மனிசி போல. ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கோவன்," என்றாள். ஓம் என்றேன்.

ஒரு மனிதன் தான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்த வீட்டுக்குள் தனியாக இருக்கலாம் என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். மேசையைச் சுற்றி மூன்று பேர். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், மனைவி கடைக் கதை சொல்வாள். எனக்குள் ஒரு கதை இருந்தது. அதை எடுத்தால் இந்த மேசையையே தொட வேண்டிவரும். ஆகவே எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து உங்கள் வான்கடிதம் வந்தது. ஒரு சிறிய தொண்டு அமைப்போடு அதே இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தீர்கள். அந்த நீலத் தாளை நான் இப்போது எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. 'உழுத நிலத்துல இப்ப மண்ணு ஓடுது. பயிரும் இல்ல, புதரும் இல்ல. வேரு இல்லாத மண்ணு, காத்து எங்க கூப்பிட்டாலும் போகுது. பாத்திமா வீட்டுல முக்காவாசி ஆடு போச்சு. மிச்சத்தை ஓட்டிக்கிட்டுத் தெக்க போயிட்டாங்களாம். எங்கன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். பாப்பாவுக்கு லண்டன் பிடிச்சிருக்கா? விசாரிச்சதாச் சொல்லுங்க.' பின்பக்கத்தில் சாத்தூர் விலாசம் ஒன்றும் எழுதியிருந்தீர்கள், எப்போது எழுதினாலும் தங்கை அனுப்பிவைப்பாள் என்று.

எழுதத் தொடங்கினேன். நலம், நலமறிய ஆவல் என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஐந்து தாள் கிழித்தேன். ஆறாவதை எடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் அந்த நிலக்கீழ் அறையை மூடினார்கள். எனக்குக் கவுன்சில் நூலகத்தில் வேலை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாளும் புத்தகங்களை எண் பார்த்து அடுக்குகிறேன். யாரும் பேசக்கூடாத இடம் எனக்குப் பொருந்திவிட்டது. மகள் பல்கலைக்கழகம் போன பிறகு, போன வருடம், வீடு மிகவும் அமைதியாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை, தேநீரும் போடாமல் உட்கார்ந்து உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பைகள் வந்தன. நான்தான் எறிந்தேன். கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இவ்வளவையும் எழுத ஒன்றரைப் பக்கம்தான் போனது. அதற்குப் பதினொரு வருடம் எடுத்தேன்.

பதில் உங்கள் தங்கையிடமிருந்து வந்தது. நீங்கள் காலமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சிறுநீரகம் கெட்டு, அங்கிருந்து கூட்டிவந்து, ஊரில் மூன்று மாதம் படுக்கையில் இருந்தீர்களாம். 'அக்காவுக்கு வந்த கடிதம் என்பதால் பிரித்துப் படித்தேன், மன்னிக்கணும்' என்று எழுதியிருந்தார். 'நீங்கள் எழுதியிருக்கும் விஷயத்தைப் பற்றி அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. லண்டனில் ஒருத்தர் இருக்காரு, வண்டுக்குக்கூட எடை போட மாட்டாரு, அப்படி ஒரு சுத்தமான ஆளுன்னு சொல்லிச் சிரிப்பா.'

அக்கா, நீங்கள் என்னைச் சபித்திருக்கலாம். இதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். அந்த அலுவலகத்தின் பழைய அறிக்கைகளை இப்போது வைத்திருப்பவர்களுக்கு எழுதினேன். இன்ன அறிக்கை, இன்ன அட்டவணை, கோடு போட்ட இடமெல்லாம் சைபர் என்று திருத்தி வாசிக்கவும், அவற்றை மாற்றியது நான் என்று என் பெயரையும் போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, உரிய கோப்பில் சேர்த்துவிட்டோம் என்று இருந்தது. அந்தக் கோப்பை இனி யார் திறக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். திறக்க மாட்டார்கள். ஆனாலும் அது அங்கே இருக்கட்டும்.

மற்றது, நேற்றுச் செய்தது. பின்னேரம் மனைவி வேலையால் வந்து முயலுக்குத் தீவனம் போட்டாள். "நல்ல வாசம், என்னப்பா இது?" என்று கேட்டாள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. குசினி வாசற்படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் சொன்னேன். உங்களை, புதரை, பைகளை, வெள்ளிக்கிழமையை, பாத்திமாவை. அவள் கையிலிருந்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்களைக் கூப்பிடத்தானோ செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அண்டைக்கு என்னட்டக் கேட்டிருந்தா நானும் செய்யுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். அதுதான் பயமாக் கிடக்கு."

பிறகு உள்ளங்கையில் ஒட்டியிருந்த தீவனத் துகளைத் தட்டினாள். தோட்டத்தில் வெயில் இறங்கி வேலிவரைக்கும் போயிருந்தது. அவள் ஏதாவது ஆறுதல் சொல்வாளோ என்று நான் காத்திருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. அவள் கேட்டது என்னைப் பற்றியே அல்ல.

"அந்த மனிசியின்ர ஆடுகள் போன பிறகு, அங்க மழை பெஞ்சதோ?"

"தெரியாது," என்றேன்.

"அந்தப் புதர் திரும்ப முளைச்சிருக்குமோ?"

அதுவும் தெரியாது. அந்த மண்ணில் என்ன வரும், எது வர எத்தனை வருடம் எடுக்கும், வேர் ஏதாவது மிஞ்சியிருந்தால் போதுமா, விதை வேண்டுமா என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைத்தான் எனக்கு இந்த உலகத்தில் தெரியும். இன்று காலையில் நூலகத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பத்திரிகையில் வெளிநாட்டு வானிலைப் பத்தியைத் தேடினேன். அந்த நாட்டின் தலைநகரம் மட்டும் இருந்தது. வெயில் என்று போட்டிருந்தார்கள். உங்கள் கட்டங்கள் இருந்த இடம் அங்கிருந்து வடக்கே இரண்டு நாள் பயணம் என்று நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. அங்கே என்ன என்று எந்தப் பத்திரிகையிலும் வராது. நாளைக்கும் பார்ப்பேன்.